இருபத்தோரு இன்ச்

கொடைக்கானலில் ஓட்டல்காரர்கள் அறை விற்கிறார்கள் என்று வெளியூரில் நினைப்பார்கள். அறை எந்த ஊரிலும் கிடைக்கும். நாங்கள் விற்றது வியூ. ஏரி தெரியும் அறைக்கு ஒரு வாடகை. பள்ளத்தாக்கு தெரியும் அறைக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு. பக்கத்து ஓட்டலின் தண்ணீர்த் தொட்டி தெரியும் அறைக்கு 'கார்டன் வியூ' என்று பெயர் வைத்திருந்தோம். இந்த வியூக்களைப் போனில் விற்பதுதான் என் வேலை. காட்சியை விற்றுப் பிழைத்தவனுக்கே கண் போயிற்று என்று வேறு யாராவது சொன்னால், கதைக்காகக் கட்டுகிறான் என்றுதான் நானும் நினைத்திருப்பேன். ஆனால் எனக்குப் போய்விட்டது. போகிற விஷயத்தை எனக்குச் சொன்னது டாக்டர் அல்ல, ஒரு பெரிய கம்ப்யூட்டர் திரை.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. வரவேற்பு மேசைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, அதில் இரண்டு மேசைகள். ஒன்று எனக்கு. இன்னொன்று பில் போடும் பெண்ணுக்கு. என்னைவிடப் பத்து வயது இளையவள், அண்ணே என்று கூப்பிடுவாள். முதலாளியை ஊரே பாய் என்றுதான் கூப்பிட்டது. பஜாரில் பலசரக்குக் கடை வைத்து, அதிலிருந்து ஓட்டல் கட்டியவர். ஓட்டலுக்குள் வந்த பிறகும் கடைக்காரர் கண் போகவில்லை. எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று நின்ற இடத்திலிருந்தே தெரிய வேண்டும் அவருக்கு.

அறைகளின் கணக்கு கம்ப்யூட்டரில் ஒரு கட்டம் போட்ட சார்ட்டாக இருந்தது. இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக அறை எண்கள், மேலே இடமிருந்து வலமாகத் தேதிகள். பதிவான நாளுக்குப் பச்சை அடித்து, வருகிறவர் பெயரை எழுதுவோம். வெள்ளையாக இருந்தால் காலி. எங்கள் பதினைந்து இன்ச் மானிட்டரில் ஒரு வாரம்தான் ஒரு சமயத்தில் தெரியும். அடுத்த வாரத்துக்குச் சார்ட்டை இழுத்தால் அறை எண் திரையை விட்டுப் போய்விடும். போனில் ஆளைக் காக்க வைத்துவிட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்துக்கொண்டு கிடப்பேன். பாய் பின்னால் நின்று இதைப் பார்த்துப் பல்லைக் கடிப்பார்.

ஒரு சீசனுக்கு முன்னால் அவர் மதுரைக்குப் போய், மூடப்போகும் ஒரு அச்சக டிசைன் கடையிலிருந்து இருபத்தோரு இன்ச் மானிட்டர் ஒன்றை வாங்கி வந்தார். இப்போது சுவரில் மாட்டுகிற தட்டையான சாதி இல்லை. பின்னால் ஒரு ஆள் உட்காரும் அளவுக்குப் புடைப்பு. வாடகைக் காரின் பின் சீட்டில் மெத்தைக்கு நடுவே வைத்து, மலைப்பாதையின் வளைவு ஒவ்வொன்றிலும் டிரைவரை வைதுகொண்டே கொண்டுவந்தாராம். ஓட்டல் பையன்கள் இரண்டு பேர் தூக்கி வைத்ததும் என் மேசை முனகியது. மறுநாள் தச்சரைக் கூப்பிட்டு அடியில் ஒரு கால் கொடுத்தோம்.

போட்டதும் பாய் முகம் மலர்ந்துவிட்டது. எல்லா அறையும், மாதம் முழுவதும், ஒரே திரையில்.

"பாத்தீங்களா தம்பி, ஒரே பார்வையில மொத்த மே மாசமும் கெடக்கு. இனிமே போன்ல ஆளை நிக்க வைக்காதீங்க. வெரசா சொல்லிருங்க."

நானும் சந்தோஷப்பட்டேன். பில் போடும் பெண்ணுக்கும் அந்த மானிட்டர் பிடித்துப்போயிற்று, வேறு காரணத்துக்காக. அது நல்ல சூடு கொடுத்தது. காலையில் வந்ததும் என் பக்கம் வந்து அதன் முதுகில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து நிற்பாள். ஹீட்டர் விருந்தாளிகளுக்குத்தான், எங்களுக்குக் கிடையாது.

இங்கே மிஸ்ட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பனி, மூடுபனி என்றெல்லாம் எங்கள் ஊரில் யாரும் சொல்வதில்லை. மிஸ்ட்தான். தேங்காய் விற்கிற கிழவிக்கும் மிஸ்ட்தான். ஏரிப் பக்கமிருந்து ஏறி வந்து, ஜன்னலைத் திறந்து வைத்தால் கேட்காமல் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். துணி காயாது, தீப்பெட்டி பற்றாது, மூக்குக் கண்ணாடி மங்கும், டிவி மங்கும். எது மங்கினாலும் எங்களிடம் ஒரே பதில் இருந்தது. வியூவுக்குப் பணம் கொடுத்து வந்த விருந்தாளி, ஜன்னலுக்கு வெளியே வெள்ளைச் சுவர் மாதிரி இருக்கிறதே என்று கீழே வந்து சண்டை போடுவார். "மிஸ்ட்தான் சார், விலகிரும்" என்போம். விலகாது என்று தெரிந்த நாளிலும் அதையேதான் சொல்வோம்.

பெரிய திரை வந்த பிறகு அதன் ஓரங்கள் எனக்கு அடிக்கடி மங்கின. மிஸ்ட் என்று நினைத்தேன். வேறெதை நினைப்பது? மேசை டிராயரில் ஒரு பழைய பனியன் துணியை வைத்துக்கொண்டு துடைத்தேன். துடைத்ததும் தெளிந்த மாதிரி இருக்கும். உண்மையில், துடைக்கும்போது கை போகிற இடத்துக்குக் கண்ணும் போகும், நேராகப் பார்த்ததால் தெரிந்தது. அது அப்போது எனக்குப் புரியவில்லை. ஏழு ரோடு சந்திப்பில் விளக்குகளைச் சுற்றி வானவில் வட்டம் தெரிந்தது. மிஸ்ட் இறங்கினால் கொடைக்கானலில் எல்லா விளக்குக்கும் வட்டம் உண்டு, இதில் என்ன அதிசயம் என்று வீட்டுக்கு நடந்தேன். சில நாள் நெற்றிப்பொட்டு தெறிக்கிற தலைவலி வரும். குளிர் என்று குல்லாயை இழுத்து விட்டுக்கொண்டேன். சமவெளியில் பிறந்திருந்தால் இதில் ஒன்றுக்காகவாவது டாக்டரிடம் போயிருப்பேன். மலையில் இருந்ததால் என் நோய்க்கெல்லாம் வானிலை பெயர் வைத்துவிட்டேன். விருந்தாளிகளுக்குச் சொல்லும் அதே பதிலை எனக்கும் சொல்லிக்கொண்டேன்: விலகிரும்.

மே மாதத்தில் ஊர் பிதுங்கியது. மலையேறும் காட்ரோட்டில் கார்கள் பெருமாள்மலை வரைக்கும் நின்றன. சிவகாசிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் மழையில் நனைந்தபடி வந்து இறங்கியது. கணவன், மனைவி, கைக்குழந்தை, நடக்கச் சிரமப்படும் ஒரு வயதான அம்மா. ஏரி தெரியும் கீழ்த்தள அறை வேண்டும் என்று முன்னாலேயே பதிவு செய்து, நாங்கள் அனுப்பிய உறுதிக் கடிதத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். அந்த அறையில் முந்தின நாள் வந்த தேனிக்காரர்கள் இருந்தார்கள். அவர்களிடமும் எங்கள் கடிதம் இருந்தது.

சார்ட்டைப் பார்த்தால் தேனிக்காரர் பெயர்தான் அந்த வாரம் முழுக்க இருந்தது. சிவகாசிக்காரர் பெயரைக் காணோம். நான்தான் அதன்மேல் தேனிக்காரரை ஏற்றியிருந்தேன். அந்தச் சார்ட்டில் முதல் நாளின் கட்டத்தில் பெயரை அடித்து, மூலையைப் பிடித்து வலது பக்கம் இழுத்தால் மற்ற நாள்களிலும் அதே பெயர் விழும். அங்கே ஏற்கெனவே யார் இருந்தாலும் கேள்வி கேட்காமல் அழித்துவிடும். போன் காதில், கண் முதல் கட்டத்தில், கை மட்டும் இழுத்திருக்கிறது. வலது பக்கம் பச்சை இருந்திருக்க வேண்டும். நான் வெள்ளையைத்தான் பார்த்தேன். சத்தியமாக வெள்ளையைத்தான் பார்த்தேன்.

ஊர் முழுக்கப் போன் போட்டோம். ஒரு கொட்டடி கூடக் கிடைக்கவில்லை. குழந்தை அழுதது. அந்த அம்மா வரவேற்பறை சோபாவில் ஈரப் புடவையோடு உட்கார்ந்து, கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மகன் என்னைப் பார்த்து, "எழுத்துப்பூர்வமா குடுத்தீங்கள்ல? என்னதாங்க பாக்குறீங்க அந்தப் பெட்டியில?" என்று கேட்டார். அவமானத்தில் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பாய் வந்து, தன் வீட்டு முன்னறையை அவர்களுக்கு ஒழித்துக் கொடுத்தார்.

அடுத்த நாள் அதே நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டமாகச் சரிபார்க்க ஆரம்பித்தேன். திரையின் ஓரமெல்லாம் புகைந்து கிடந்தது. துணியை எடுத்துத் துடைத்தேன். துடைத்துவிட்டு, எரிச்சலோடு சொன்னேன்:

"அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்தும்மா. மிஸ்ட் ஏறி ஏறிக் கெடக்கு கண்ணாடியில."

திரும்பிப் பார்த்தேன். அவள் ஜன்னலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே," என்றாள் மெதுவாக, "வெயில் அடிக்குதுண்ணே."

அடித்தது. ஜன்னல் கம்பியின் நிழல் தரையில் கோடு கோடாக விழுந்திருந்தது. ஏரிக்கு அப்பால் மரங்கள்கூடத் தனித்தனியாகத் தெரிந்தன, நேராகப் பார்த்தால். துணியைக் கீழே வைத்தேன். எத்தனை மாதமாக வெயிலில் உட்கார்ந்து மிஸ்ட்டைத் துடைத்தேனோ தெரியவில்லை. அவளும் பல நாள் பார்த்திருக்கிறாள், கேட்கக் கூச்சப்பட்டுச் சும்மா இருந்திருக்கிறாள். அவள்தான் போய்ப் பாயிடம் சொன்னாள். பாய் உள்ளே வந்து, என் முகத்துக்கு நேராக வராமல் பக்கவாட்டில் நின்று கையை நீட்டி, "இது எத்தனை விரல் தம்பி?" என்றார். அவர் அங்கே நிற்பதே எனக்கு அந்தக் குரலில்தான் தெரிந்தது.

மனைவியும் நானும் முதல் பஸ்ஸில் மலை இறங்கினோம். அவள் ஒரு பள்ளி விடுதியில் சமையல் வேலை செய்தாள், லீவு சொல்லிவிட்டு வந்தாள். மதுரை கண் ஆஸ்பத்திரியில் கூட்டம் திருவிழாவாக இருந்தது. ஓர் இருட்டறையில் வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒரு கருவிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவில் ஒரு புள்ளியையே பார்க்க வேண்டும், ஓரத்தில் எங்கேயாவது வெளிச்சம் மினுங்கினால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். நான் காத்திருந்தேன். ஒன்றும் மினுங்கவில்லை. கருவி மட்டும் உள்ளே க்ளிக் க்ளிக் என்றது. பழுதான கருவி என்று நினைத்து, "இன்னும் லைட்டு வரலைம்மா" என்றேன். பக்கத்திலிருந்த நர்ஸ் பெண் கொஞ்சம் தயங்கிவிட்டு, "வந்துக்கிட்டுத்தாங்க இருக்கு" என்றாள்.

டாக்டர் அம்மா எங்கள் முன்னால் அந்தச் சோதனையின் தாளை விரித்தார். அதுவும் கட்டம் கட்டமாகத்தான் இருந்தது. எங்கள் சார்ட் மாதிரியே. நடுவில் கொஞ்சம் வெள்ளை, சுற்றிலும் கறுப்பு.

"கண்ணுக்குள்ள தண்ணி அழுத்தம் கூடி நரம்பு போயிருக்கு. கறுப்பா இருக்கிற எடத்துல உங்களுக்குப் பார்வை இல்லைங்க."

"எனக்குக் கறுப்பா ஒண்ணும் தெரியலைங்களே" என்றேன். வாதாடி ஜெயித்துவிடலாம் என்ற நப்பாசை.

"தெரியாது. பார்வை போன எடத்தை மூளை சும்மா விடாது. சுத்தி என்ன நிறம் இருக்கோ அதை வெச்சு நிரப்பிரும். ஓட்டை இருக்கிறதே உங்களுக்குத் தெரியாது."

பச்சைக் கட்டம் எப்படி வெள்ளையாயிற்று என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. சுற்றிலும் வெள்ளை இருந்தது, அதனால் அங்கேயும் வெள்ளை. நிரம்பிக் கிடந்த அறையை என் தலைக்குள் யாரோ துடைத்து, காலி என்று எனக்குக் காட்டியிருக்கிறார்கள். பழைய சின்ன மானிட்டரில் எல்லாமே கண்ணுக்கு நேராக வந்து நின்றதால் தப்பித்திருந்தேன். பெரிய திரையில் ஓரக்கண் வேண்டும். என்னிடம் ஓரக்கண் இல்லை. நாள் முழுக்கப் போனில் நான் சொல்லும் சொல் அது: காலி இருக்குங்க, வாங்க. எங்கள் பக்கம் ஒருவன் கதை முடிந்துவிட்டது என்பதற்கும் அதே சொல்தான்.

போனது திரும்பாது என்றார் டாக்டர் அம்மா. லேசர் வைத்து, சொட்டு மருந்து விட்டு, இருப்பதைக் காப்பாற்றப் பார்ப்போம். அதுவும் முயற்சிதான், உறுதி சொல்ல முடியாது, ரொம்பத் தாமதமாக வந்திருக்கிறீர்கள். முன்னாலேயே ஏன் வரவில்லை என்று கேட்டார். மிஸ்ட் என்று நினைத்தேன் என்று மதுரை வெயிலில் உட்கார்ந்து எப்படிச் சொல்வது? என் மனைவி சொன்னாள். டாக்டர் அம்மாவுக்குப் புரியவில்லை. திரும்பும்போது பஸ் வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கியது. அப்போது அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

பாய் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் அவரை வைதாவது மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். "இருங்க தம்பி, எங்க போகப்போறீங்க?" என்றார். அறை பதிவைப் பில் போடும் பெண் பார்த்துக்கொள்ள, போன் பேசுவதும் கடிதம் அடிப்பதும் எனக்கு என்று ஆயிற்று. அவளுக்குப் புது மானிட்டர் தட்டையாக ஒன்று வந்தது. பெரிய திரை என்னிடமே இருந்தது. அதைத் தூக்கி இறக்க யாருக்கும் மனசில்லை, வாங்கவும் ஆளில்லை.

அந்தத் திரையில் கடிதம் அடிக்கும்போது ஒரு பழக்கம் எனக்கு வந்தது. வரியின் தொடக்கத்தைத் தேடித் தேடி அலுத்துப்போய், கம்ப்யூட்டரில் விண்டோ என்பார்களே, அந்த எழுதுகிற ஜன்னலின் மூலையைப் பிடித்து உள்ளே இழுத்து, என் கண்ணுக்கு ஒரே பார்வையில் அடங்குகிற அளவுக்குச் சுருக்கிக்கொண்டேன். முதலில் திரையில் முக்கால்வாசி இருந்தது. பெரிய குறை ஒன்றுமில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்த மழைக்காலத்தில் வரியின் இரண்டு முனையும் மறுபடி காணாமல் போயின. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். பிறகு பாதி. சொட்டு மருந்தை ஒருவேளைகூடத் தவறவிடவில்லை. மதுரைக்கும் தவறாமல் போனோம். ஒவ்வொரு தடவையும் டாக்டர் அம்மா தாளைப் பார்த்து, "பாப்போம்" என்பார். எனக்கு அந்தத் தாள் தேவைப்படவில்லை. ஆபீசில் என் மேசை மேலேயே இருந்தது என் கண்ணின் அளவு. சின்னத் திரையாக இருந்திருந்தால் எவ்வளவு போயிற்று என்று தெரியாமல் இருந்திருப்பேன். இதில் மிச்சமெல்லாம் சாம்பல் நிறத்தில் விரிந்து கிடந்தது. அதைத் தலையைத் திருப்பித் திருப்பித்தான் பார்க்க முடியும். சில நாள் வேண்டுமென்றே பார்ப்பேன். செத்துப்போனால் என்ன என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து பல தடவை நினைத்திருக்கிறேன். போன் அடிக்கும். எடுத்து, "லேக் வியூ வேணுங்களா, பள்ளத்தாக்கு வியூ வேணுங்களா?" என்று கேட்பேன்.

வீட்டில் இதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. முதல் வருடம் மனைவி தினமும் கேட்டாள். அப்புறம் கேட்பதை நிறுத்தினாள், நானும் சொல்வதை நிறுத்தினேன். வீட்டில் சாமான்களை இடம் மாற்றாமல் வைத்தாள், வாசல்படியில் எனக்கு முன்னால் இறங்கினாள். அவ்வளவுதான் பேச்சு.

ஒரு நாள் சொட்டு மருந்தை மறந்து வைத்துவிட்டு ஆபீசுக்கு வந்துவிட்டேன். விடுதி வேலை முடிந்து போகிற வழியில் அவள் அதைக் கொண்டுவந்தாள். அத்தனை வருடத்தில் அவள் வரவேற்பு மேசையைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. பில் போடும் பெண், "உள்ளதாங்க்கா இருக்காரு, போங்க" என்று அனுப்பிவிட்டாள். நான் தஞ்சாவூர்க்காரர் ஒருவருக்கு உறுதிக் கடிதம் அடித்துக்கொண்டிருந்தேன். அவள் வந்ததே எனக்குத் தெரியாது. மருந்துக் குப்பி மேசையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. வளையல் சத்தத்தில் அவள்தான் என்று தெரிந்தது, வைத்துவிட்டுப் போகவில்லை. என் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்க்கிறாள் என்று புரிந்தது. அந்த அகலத் திரையில், சாம்பல் நிறத்துக்கு நடுவே, என் ஜன்னல் ஒரு உள்ளங்கை அளவுக்கு இருந்தது.

"ஏன் இத இத்துனூண்டா வெச்சிருக்கீங்க?" என்றாள். "பெருசாக்கத் தெரியலையா?"

"தெரியும்" என்றேன்.

மேசைக்கு அடியில் கம்ப்யூட்டரின் விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. அவள் கை மெதுவாக என் முகத்துக்கு முன்னால் வந்து, அந்தச் சின்ன ஜன்னலின் ஒரு ஓரத்தைத் தொட்டது, பிறகு மறு ஓரத்தைத் தொட்டது. இரண்டுக்கும் நடுவே இருந்தது ஒரு சாண்கூட இல்லை.

"இம்புட்டுத்தானா?" என்றாள்.

"இம்புட்டுத்தான்."

கை விலகியது. அவள் என் இடது பக்கம்தான் நின்றுகொண்டிருந்தாள், சேலையில் விடுதிச் சமையலின் தாளிப்பு வாசனை வந்தது. அழுதாளா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் முழுசாகத் திரும்பி அவள் முகத்துக்கு நேராகப் பார்க்க வேண்டும். நான் கடிதத்தை அடித்துக்கொண்டிருந்தேன்.